வெள்ளிக்கிழமை அப்பா, ஞாயிற்றுக்கிழமை அம்மா

எல்லாம் ஹீனா மிஸ் கேட்ட ஒரு கேள்வியால் வந்தது. கேட்டதில் தப்பில்லை. வேறு எந்த டீச்சராக இருந்தாலும் கேட்டுத்தான் இருப்பார். ஆனாலும் பாரதிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

யூ.கே.ஜி. பிள்ளைகளிடம் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரையச் சொல்லியிருக்கிறார் மிஸ். எல்லாப் பிள்ளைகளும் ஒரே தாளில் முடித்துவிட, பாரதியின் மகள் கவிப்ரியா மட்டும் இன்னொரு தாள் கேட்டு வாங்கினாளாம். ஒன்றில் அவளும் அப்பாவும். இன்னொன்றில் அவளும் அம்மாவும். மதிய சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. வீட்ல நீங்களும் அவரும் சேந்துதான இருக்கீங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் ஹீனா மிஸ்.

பாரதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. "நாங்க சேந்துதான் மிஸ் இருக்கோம். எங்க லீவுதான் சேர மாட்டேங்குது" என்றாள்.

உண்மையும் அதுதான். ஆம்பூரில் பாதிக் குடும்பங்களின் கதை இது. பாரதிக்கு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. ஞாயிறு லீவு. காலை ஏழு மணிக்கு வேன் வந்து அள்ளிக்கொண்டு போய், சாயங்காலம் ஆறரைக்குக் கொண்டுவந்து கொட்டும். அவள் கணவன் பரணிதரனுக்கு ரஃபி அகமது பாயின் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போனால் வீடு திரும்பப் பத்தரை ஆகும். காலையில் இவள் கிளம்பும்போது அவன் தூக்கத்தில் புரண்டு "ம்" என்பான். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. கவியின் பள்ளிக்கூடமோ மகாராசி, வெள்ளியும் விடுமுறை, ஞாயிறும் விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமை முழுக்க அப்பா, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா. மற்ற நாளில் சாயங்காலம் வரைக்கும் பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்கா.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேர்ந்தாற்போல் லீவு வரும்தான். வந்தால் அவன் அம்மா வீடு, இவள் அம்மா வீடு என்று ஓட்டம். அங்கே போனால் ஆம்பிளைகள் வாசலில், பொம்பளைகள் அடுப்படியில். எங்கே சேர்ந்து இருப்பது!

அவர்கள் வீடு ஓர் அறையும் சமையல்கட்டும். பத்தரைக்குப் பரணி வரும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் குசுகுசுதான். வீட்டு வாடகையும் குசுகுசு, கொழுந்தனார் கல்யாணமும் குசுகுசு, கோபம் வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு குசுகுசு. ஐந்து வருஷமாக அவர்கள் குடித்தனம் இப்படித்தான் நடந்தது.

அன்றைக்கும் மிஸ் கேட்டதைப் பாரதி குசுகுசுவென்றே சொன்னாள். பரணி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"நா பாய்கிட்ட கேட்டுப் பாக்குறேன்" என்றான்.

ரஃபி அகமது நல்ல மனுஷன். "வெள்ளிக்கெழம ஒரு லோடு பச்சத்தோலு வருது. வந்து எறக்கிக் குடுத்துட்டு, ஞாயித்துக்கெழம லீவு எடுத்துக்கோ. எங்க போறீங்க?" என்றார்.

"ஏலகிரி, பாய்."

"நல்லா சுத்திட்டு வா. மேல குளிர் ஜாஸ்தியா இருக்கும். கொழந்தைக்குக் குல்லா போடு."

அன்றிலிருந்து பாரதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த ஒரு நாள் அப்பழுக்கில்லாமல் நடந்துவிட வேண்டும், ஹீனா மிஸ்ஸின் கேள்விக்கு அந்த நாளே பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. மெஷினில் உட்கார்ந்து தைக்கும்போதெல்லாம் ஒரு பயமும் கூடவே வந்தது. மிஸ் கேட்டது சரியாக இருந்துவிட்டால்? நாம் குடும்பம்தானா, இல்லை ஷிப்டு போட்டு ஒரு பிள்ளையை வளர்க்கிற ரெண்டு பேரா? யாரிடம் கேட்பது இதை? வாய்விட்டுக் கேட்கிற கேள்வியா இது?

ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கு பைக்கில் கிளம்பினார்கள். வட ஆற்காட்டுப் பக்கம் மாசி பிறந்தும் பனி சீக்கிரம் விடாது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், விடியலில் பல் கிட்டும். வாணியம்பாடி தாண்டுகிற வரைக்கும் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. கவி நடுவில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் அப்பாவின் முதுகு, பின்னால் அம்மாவின் வயிறு. குல்லாவுக்குள் இருந்து அவள் ஏதோ பாடிக்கொண்டே வந்தது பாரதியின் நெஞ்சில் அதிர்ந்தது. போதும், இது ஒன்றே போதும் என்று நினைத்துக்கொண்டாள் பாரதி.

மலை ஏற ஏறப் பனி கலைந்தது. இலவ மரங்கள் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்புச் சிவப்பாய்ப் பூத்து நின்றன. வளைவுக்கு வளைவு மாம்பூ வாசம் மூக்கில் ஏறியது. பரணி ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, கவியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கீழே ரயில் பாதையைக் காட்டினான். காட்டியவன் அவள் குல்லாவையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். பாரதி அதை எடுத்து மறுபடி மாட்டினாள். பத்து நிமிஷத்தில் அவன் மறுபடி கழற்றினான். இன்றைக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு வந்தவள் அவள்.

ஏரிக்கரையில் படகு விட இன்னும் நேரம் இருந்தது. தண்ணீர் மேல் இளவெயில் படர்ந்திருந்தது. வேலி ஓரம் ஒரு டீக்கடை. பெரியவர் ஒருவர் பால் பொங்கவைத்துக்கொண்டிருந்தார். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "ரெண்டு டீ" என்றான் பரணி.

"தாத்தா, எனக்கும் ஒண்ணு. சக்கர ஜாஸ்தி. நல்லா ஆத்திக் குடு" என்றாள் கவி.

பாரதி திரும்பினாள். "இன்னா டீ? அவ டீ குடிக்க மாட்டாளே!"

கவி அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஏரியைப் பார்த்தான்.

சத்தியம் காற்றில் போயிற்று. பாரதி கவியின் தலைக்கு மேலாகக் குனிந்து, பழக்கம் விடாமல், குசுகுசுவென்று ஆரம்பித்தாள். "எத்தினி நாளா நடக்குது இது?"

"வெள்ளிக்கெழம மட்டுந்தான். அதுவும் அர கிளாஸு" என்று அவனும் அதே குரலில் சொன்னான்.

"பால் குடிக்க மாட்டேங்குறாளேன்னு நா மண்டைய ஒடச்சினு இருக்கேன். நீ டீ ஊத்தி வளக்குற!"

"நீதான் ஞாயித்துக்கெழம குடுக்குறன்னு சொன்னா. அம்மாவே குடுக்கும்போது நமக்கின்னான்னு குடுத்தேன்."

"நா குடுக்குறனா? நானா?"

"சரி, நீ மட்டும் இன்னா ஒழுங்கு? அஞ்சு வயசுப் பொண்ணுக்கு இன்னும் கதை சொல்லி ஊட்டி வுட்றியாமே? எங்கிட்ட அவளே தட்டெடுத்துப் போட்டு சாப்புட்றா."

பாரதி மகளை முறைத்தாள். ஞாயிறுதோறும் ஒரு கிண்ணம் சோற்றுக்கு ஒரு மணி நேரம், காக்கா கதை, குரங்கு கதை, போலீஸ் கதை என்று தொண்டை வற்றுகிறாள். கள்ளி! அப்பாவிடம் தானாகவே தின்கிறாளா!

டீக்கடைப் பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டப்பகலில், ஏரிக்கரையில், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு காதோடு காதாகப் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கிளாஸ்களை வைக்கிற சாக்கில் கிட்டே வந்தார். "இன்னா தம்பி, ஏதாச்சும் பிரச்னையா? யாராச்சும் பின்னாடி வர்றாங்களா?" என்று அவரும் குசுகுசுத்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றான் பரணி. அதையும் குசுகுசுவென்றுதான் சொன்னான்.

கவி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, நா தூங்கல. முழிச்சினுதான் இருக்கேன். சத்தமாவே பேசு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட, ஆமாம்! வீடா இது?

அவ்வளவுதான், பாரதி அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்துவிட்டது. "அப்பனும் பொண்ணும் சேந்து எனக்கு அல்வா குடுத்துருக்கீங்களா! இவ்ளோ நாளா என்னக் கிறுக்கச்சி ஆக்கியிருக்கீங்களா!"

"ஏய், எனக்கும் சேத்துதான்டி குடுத்துருக்கா! ரெண்டு பேரையும் வித்துட்டு வந்துருக்கா இவ!" என்று பரணி கத்தினான்.

"அந்தக் குல்லாவ நா மாட்ட மாட்ட நீ ஏன் கழட்டுற? சளி புடிச்சா யார் பாக்குறது?"

"அதப் போட்டா கொழந்தைக்குக் காதே கேக்காது!"

பக்கத்தில் செல்பி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவி பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு கை தட்டினாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. அப்பா பக்கம் ஒரு திருப்பு, அம்மா பக்கம் ஒரு திருப்பு, குதிப்பு.

"இன்னாடி சிரிப்பு ஒனக்கு? நாங்க சண்ட போடுறது அவ்ளோ ஜாலியா இருக்குதா?" என்றாள் பாரதி.

"ஆமா. ரெண்டு பேரும் பேசறது கேக்குது" என்றாள் கவி. "நைட்டு அப்பா வர்றப்ப நா தூங்குற மாதிரி கண்ண மூடினு இருப்பேன், நீங்க பேசறதக் கேக்கலாம்னு. ஒண்ணுமே கேக்காது. அப்புறம் நெஜமாவே தூக்கம் வந்துடும்."

பிள்ளை தூங்கட்டும், பிள்ளை தூங்கட்டும் என்று ஐந்து வருஷமாகப் பொத்திப் பொத்திப் பேசினார்களே! இருட்டில் அது காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்திருக்கிறது. பரணி முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டான். டீக்கடைப் பெரியவர்கூட பாலைக் கிண்டுகிற கரண்டியை நிறுத்திவிட்டார்.

"நிறுத்திட்டீங்களா?" என்றாள் கவி, முகம் சுருங்கிப் போய். பெஞ்சில் உட்கார்ந்து டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நேரம் சண்ட போடுங்க."

பரணி தொண்டையைக் கனைத்தான். ஒரு சண்டைக்காக அவன் இப்படி யோசித்ததே இல்லை. பாரதி மடியில் இருந்த டிபன் தூக்கின் மேல் கண் போயிற்று.

"இன்னா சோறு கட்டினு வந்துருக்க நீ? உப்பே இல்ல!" என்றான், நன்றாகச் சத்தமாக.

"மூடியே தொறக்கல, அதுக்குள்ள உப்பு இல்லன்னு தெரிஞ்சுதா!" கண்ணைத் துடைத்துக்கொண்டே பாரதி போட்ட கூச்சல் ஏரியின் அக்கரை வரைக்கும் போயிற்று. கல்யாணமான நாள் முதல் அவள் இவ்வளவு சந்தோஷமாக யாரையும் திட்டியதில்லை.

"ஒன் சமையல் எனக்குத் தெரியாதா!"

"தெரியுமா? எங்க, போன வாரம் இன்னா கொழம்பு வெச்சேன், சொல்லு பாப்போம்!"

கவி டீயைக் குடிக்க மறந்துபோய், பேசுகிறவர் பக்கமெல்லாம் மாறி மாறித் திரும்பிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.