எந்த மொழியில் ஊட்டுவது

வேரா கிழவி மூன்றாம் நாளாகவும் வாயைத் திறக்கவில்லை. ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் உள்ள அந்த முதியோர் இல்லத்தில் கோணேஸ்வரி எத்தனையோ பேருக்கு ஊட்டியிருக்கிறாள். உதட்டை இப்படிப் பூட்டிக்கொண்டவர்களைக் கண்டதில்லை. மறதி நோய் வேராவின் ஆங்கிலத்தை முழுவதுமாகத் துடைத்துவிட்டது. மிஞ்சியது ரஷ்ய மொழி மட்டும்.

“இண்டைக்கும் சாப்பிடாட்டி ஹொஸ்பிட்டலுக்கு அனுப்பவேணும், அன்ரி,” என்றாள் மேற்பார்வையாளர் அட்சயா. “அங்க மூக்கால ரியூப் போட்டிடுவினம்.”

கோணேஸ்வரிக்கு மனம் கேட்கவில்லை. “எங்கட லெஸ்யாவுக்கு உந்தப் பாஷை தெரியும், பிள்ளை,” என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

லெஸ்யா உக்ரேனின் கார்கிவ் நகரத்துக்காரி. போர் தொடங்கிய வருடம் மகளோடு ரொறன்ரோ வந்து, கோணேஸ்வரியோடு அதே மாடியில் வேலை பார்க்கிறாள். வேராவின் அறைப்பக்கம் மட்டும் போகமாட்டாள். ஒருநாள் தேநீர் வேளையில் காரணம் சொன்னாள். “எங்கள் வீட்டில் ரஷ்ய மொழிதான். நானும் தம்பியும் சண்டை பிடித்ததெல்லாம் அதில்தான். தம்பியைக் கொன்றவர்களும் அதே மொழியில்தான் எங்களை மீட்க வந்ததாகச் சொன்னார்கள். அன்றோடு விட்டேன். இங்கே யாருக்கும் சொல்லாதே.” இப்போது தாயோடு தொலைபேசும்போதும் உக்ரேனிய மொழிதான். பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கிப் பேசுவாள்.

கோணேஸ்வரிக்கு இது விளங்காத விஷயமல்ல. திருகோணமலைச் சந்தையில் வளர்ந்தவளுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கணவன் குஞ்சித்தம்பியைக் கூட்டிப்போக வந்தவர்களிடம் அந்த மொழியில்தான் கெஞ்சினாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. விசாரித்துவிட்டு அனுப்புவதாக அவர்களும் மரியாதையாகவே சொன்னார்கள். அவன் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த மொழி அவள் வாயில் ஏறவேயில்லை. மரக்கறிக் கடையில் ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ விசாரித்தபோது, தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தவள் அவள்.

மத்தியானம் லெஸ்யா வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“நீயா சொன்னாய்?”

“நான்தான். மன்னித்துக்கொள்.”

இருவருக்கும் பொதுவானது வேலைத்தள ஆங்கிலம். அதற்கு மேல் சொல்ல அதில் கோணேஸ்வரிக்குச் சொற்கள் இல்லை.

“நான் பேசமாட்டேன். வேலை போனாலும் போகட்டும்,” என்றாள் லெஸ்யா. “பஸ்ஸில் என் பேச்சைக் கேட்டதும் ‘நீ ரஷ்யாவா?’ என்கிறார்கள். இல்லை என்று சொல்ல என்னிடம் இருப்பது என் உக்ரேனியப் பேச்சுத்தான்.”

கோணேஸ்வரி நேரே அட்சயாவிடம் போனாள்.

“லெஸ்யாவைக் கேளாதேயும், பிள்ளை. அவவுக்கு அது வராது.”

“தெரியும் எண்டீங்கள், அன்ரி?”

“தெரிஞ்சாலும் வராது. எனக்கும் அப்பிடி ஒரு பாஷை இருக்கு.”

“ஓகே. அப்ப ஆர் ஊட்டுறது?”

“நான்தான்.”

“எந்தப் பாஷையில?”

“என்ர பாஷையில.”

ஓட்ஸ் கஞ்சியோடு போய் வேராவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். “ஆ காட்டுங்கோ, ஆச்சி. ஒரேயொரு வாய்.” வேரா திகைத்துப் பார்த்தாள். அந்தத் திகைப்பில் முதல் கரண்டி உள்ளே போயிற்று; அடுத்த கணம் கோணேஸ்வரியின் சட்டைக்கே திரும்பி வந்தது.

“துப்புங்கோ, துப்புங்கோ. நான் வீட்டை போய்க் கிழிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. இருக்கிறன்.”

மூன்றாவது தடவையும் சட்டைதான் வாங்கிக்கொண்டது. வாசலில் நிழலாடியது. லெஸ்யா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

ரஷ்ய மொழிதானோ என்று கோணேஸ்வரி காதைக் கொடுத்தாள். ஆனால் லெஸ்யா தடுக்கினாள், நின்றாள், சொல் தேடினாள். அந்தத் தடுக்கலை வைத்தே அது எந்த மொழி என்று பிடிபட்டது.

வேரா நெற்றியைச் சுருக்கினாள். பாதி விளங்கியது போலவும் மீதி எரிச்சலூட்டியது போலவும் இருந்தது. மூன்று நாளாக அடம்பிடித்த வாயிலிருந்து சுள்ளென்று ரஷ்ய மொழி வந்தது. லெஸ்யா மாறவில்லை. தன் மொழியிலேயே, இன்னும் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“என்னவாம்?” என்று கேட்டாள் கோணேஸ்வரி.

“நான் பேசுவது பட்டிக்காட்டுப் பேச்சாம். ஒழுங்காகப் பேசட்டுமாம்.”

“நீ என்ன சொன்னாய்?”

“இதுதான் என் பேச்சு, இதில்தான் ஊட்டுவேன் என்றேன்.”

மறுபடியும் ஏசுவதற்காக வேரா வாயைத் திறந்தாள். லெஸ்யா கரண்டியை உள்ளே வைத்தாள்.