காதுக்குள் இருந்தவள்

என் வீட்டுக்காரர் நாவல் எழுதுகிறார். காலையில் நான் டீயைக் கொண்டுபோய் மேஜையில் வைப்பதற்குள் காதில் ஹெட்ஃபோன் ஏறிவிடும். இரண்டு காதையும் முழுசாக மூடும் பெரிய கறுப்பு ஹெட்ஃபோன். அதற்கப்புறம் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. பாட்டுக் கேட்டால்தான் எழுத்து வருமாம். அந்த ஹெட்ஃபோனுக்குள் விடாமல் பாடிக்கொண்டிருக்கிற புண்ணியவதி யார் தெரியுமா? நான்தான்.

நான் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். இறுகிப்போன தோள், மடங்க மறுக்கும் முழங்கால், உடைந்து கூடிய மணிக்கட்டு, இவற்றையெல்லாம் மறுபடி அசைய வைக்க வேண்டும். அசைத்தால் வலிக்கும். எங்கே வலிக்கிறது என்று சொன்னால்தான் நான் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்களுக்கு வீராப்பு. கண்ணில் தண்ணீர் வந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் நானே ஒரு மெட்டுப் போட்டு முனக ஆரம்பித்தேன். ஒரே வரிதான். 'வலி இருந்தா சொல்லு.' கையைத் தூக்கும்போது மெட்டு ஏறும், இறக்கும்போது இறங்கும். 'சொல்லுங்க' என்று போட்டால் மெட்டு இடிக்கிறது, ஆகவே பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் 'சொல்லு'தான். முழங்காலுக்கு வருகிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஐயா, அதே மெட்டில் 'இருக்கு, இருக்கு' என்று பதில் பாடுவார். அவருக்குச் சீக்கிரம் குணமாகிவிடும்.

எனக்குப் பதில் பாடாத ஒரே நோயாளி என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு அப்புறம் அவருக்குத் தோள் இறுகிக்கொண்டது. கிளினிக்குக்கே வரச்சொல்லிச் சிகிச்சை கொடுத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்துப் படுத்திருப்பார். ஒருநாள் நாவலுக்காக ஏதோ ஒரு வரியைப் போனில் பேசிப் பதிவு செய்தவர், அதை நிறுத்த மறந்து பக்கத்தில் வைத்துவிட்டார். என் முனகல் முழுவதும் அதில் ஏறிவிட்டது. நடுவில் நான் சிரிப்பதும் இருக்கிறது. வலியை மறைக்க அவர் முகத்தை வைத்துக்கொண்ட லட்சணத்தைப் பார்த்துச் சிரித்தேன். அப்போதெல்லாம் சாப்பிட்ட தட்டு காயும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

அந்தப் பதிவைத்தான் தினமும் காலையில் தவறாமல் கேட்கிறார். எழுத்து ஓடாவிட்டால் நான் சிரிக்கிற இடத்துக்குப் போவார். உடனே விரல்கள் ஓட ஆரம்பிக்கும். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தங்கையிடம் போனில் பீற்றிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே அதே மெட்டை முனகினேன். அவர் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினார்.

"கொஞ்சம் சத்தம் போடாதம்மா. பாட்டு கேக்க மாட்டேங்குது."

அன்றைக்குப் பிடித்தது எனக்கு எரிச்சல். என் குரலே எனக்குச் சக்களத்தியாக வந்து உட்கார்ந்துவிட்டது. சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம், இவளை என்ன செய்வது? அவளுக்கு வயதும் ஏறாது. அவள் களைத்துப்போய் வீட்டுக்கு வருவதில்லை. எதையும் கேட்பதில்லை. எனக்கோ அவர் வேண்டியிருந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒரு மனுஷனுக்காக ஏங்குவதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஏங்கினேன்.

இதற்கு நடுவில் எங்கள் டாக்டரம்மா வேறொரு ஊரில் புதுக் கிளை திறந்தார்கள். அதை நானே பொறுப்பெடுத்து நடத்த வேண்டும் என்றார்கள். தங்க இடமும் உண்டு. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். நான் இவரிடம் சொல்லப் போனேன். எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் அங்க போகட்டுமா?"

"ம்" என்றார், திரையைப் பார்த்தபடியே.

ஹெட்ஃபோன் மாட்டியிருந்த மனுஷனின் 'ம்'மைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 'போகாதே' என்று சொல்லியிருந்தால் போதும். சரி, 'போ' என்றாவது சொல்லியிருக்கலாம். பெட்டியை இறக்கித் தூசி தட்டிக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் குளித்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை மேஜையில் ஹெட்ஃபோன் தனியாகக் கிடந்தது. இவர் வெள்ளைத் தாள் கட்டு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். வேலை பார்க்கிற அச்சகத்திலேயே அச்செடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அங்கே அவருக்குப் பிழை திருத்தும் வேலை.

"முடிச்சுட்டேன். முதல்ல நீதான் படிக்கணும். தலைப்பே உன்னோடதுதான்."

வாங்கிப் பார்த்தேன். முதல் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது: 'வழி இருந்தா சொல்லு'.

இந்த இடத்தில் என் நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு ழகரம் வராது. வாலைப்பலம்தான், மலைதான், 'தமில்'தான். எழுதும்போது தப்பு வராது, பேசும்போதுதான். பிழை திருத்துகிறவரைக் கட்டிக்கொண்டவள் வாயைத் திறப்பதே பிழை. இவர் பல வருஷமாகத் திருத்திப் பார்த்தார், நாக்கை மடி என்றார், பிறகு கைவிட்டுவிட்டார். நான் எந்த 'ல' சொன்னாலும் மனசுக்குள்ளேயே 'ழ'வாகத் திருத்திப் போட்டுக்கொள்கிற பழக்கம் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

"இதுல என்ன கதை?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு. புருஷன் கூடவே நடக்கிறா. எங்க திரும்பணும்னு அவனுக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டு, வழி இருந்தா சொல்லு, வழி இருந்தா சொல்லுன்னு கேட்டுக்கிட்டே வர்றா. எல்லாம் நீ பாடினதுலேர்ந்து வந்ததுதான்."

"நான் அப்படிப் பாடல."

"என்னது?"

"நான் பாடினது சின்ன லி. வலிக்கிற வலி. தோளைத் தூக்கறப்போ வலி இருந்தா சொல்லுன்னு கேட்டேன். கிளினிக்ல வர்ற எல்லார்கிட்டயும் அதைத்தான் கேக்கறேன். உங்ககிட்ட மட்டும் வழி கேட்டு நான் எங்க போகப்போறேன்?"

அவர் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். "உனக்குத்தான் ழ வராதே, அதனால நானே..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். தாள் கட்டைத் திருப்பி வாங்கித் தலைப்பைப் பார்த்தார். அச்சகத்தில் அடுத்தவர் பிழைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், பேனாவோடு தயாராக இருப்பார். இன்றைக்குக் கையில் பேனா இல்லை.

பாவமாகத்தான் இருந்தது. எத்தனை காலை, எத்தனை டீ ஆறிப்போயிருக்கும் இந்தத் தாள்களுக்காக. ஆனால் ஒன்பது மணிக்கு டாக்டரம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும். கட்டில் பக்கத்தில் பெட்டி இருக்கிறது. இப்போது விட்டால் மறுபடி ஹெட்ஃபோன் ஏறிவிடும் என்று பயமாக இருந்தது. நான் டிரைவர் ஐயா மாதிரி பாடவெல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"எனக்கு வலி இருக்குங்க."

அவர் நிமிர்ந்தார். வழக்கமாக மனசுக்குள் ஓடும் அந்தத் திருத்தம் அவர் முகத்தில் கிளம்பி, பாதியில் திரும்பிப் போவதைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைத் திருத்தாமல் கேட்டார்.

"எந்த லி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டியைக் காட்டினேன்.

"ரெண்டும்தான்."

அவர் தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். மூடியைத் தொட்டார், திறக்கவில்லை. திரும்பி வந்து, சிகிச்சையின்போது நான் உட்காருவதுபோல ஒரு நாற்காலியை எனக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாவல் கீழே தரையில் கிடந்தது. எடுக்கவில்லை.

"சொல்லு" என்றார்.