தட்டு நிறையத் தரை

டைல்ஸ் ஒட்டுகிறவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மனைவியோடு கூடவே கிடைத்த இரண்டு வாண்டுகளும் அவரை இன்னும் "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டன. சின்னவனைக் குறை சொல்ல முடியாது. அக்கா எப்படியோ அவனும் அப்படி. எட்டு வயசு அக்காதான் பிடி கொடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை "அப்பா" என்று வாயில் வந்துவிட்டால் போதும் என்று மனுஷன் உள்ளுக்குள் ஏங்கிக் கிடந்தார். அதைக் கேட்டா வாங்க முடியும்?

அன்றைக்கு அம்மா நாலு மணிக்கு டியூட்டி முடிந்து வருவாள். அதற்குள் பிஸ்கட் செய்து அசத்திவிடலாம் என்று திட்டம். வெண்ணெயும் சர்க்கரையும் மைதாவும் ஒன்று சேர்ந்ததும் அவருக்குக் கை ஊறியது. சிமென்ட் கலவையைப் புரட்டுகிற மாதிரி புரட்டினார். தேய்த்த மாவின்மேல், தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கழுவித் துடைத்து வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று வேறு பார்த்தார். சின்னவன் தலை முதல் கால்வரை மைதா. கண் மட்டும்தான் தெரிந்தது.

தட்டில் அடுக்கும்போதுதான் வந்தது வினை. மாவைச் சதுரம் சதுரமாக வெட்டி, மயிரிழை இடைவெளியில் வரிசை பிடித்தார்.

"அங்கிள், ஃபோன்ல பார்த்த வீடியோல ரெண்டு விரல் தள்ளி வைக்கச் சொல்லிருக்காங்க," என்றாள் பெரியவள்.

"ரெண்டு விரலா? அவ்ளோ சந்து விட்டா என்னை யாரும்மா வேலைக்குக் கூப்பிடுவா? பதினெட்டு வருஷ சர்வீஸ் இது!"

சர்வீஸாம் சர்வீஸ்! இருபது நிமிடம் கழித்து ஓவனைத் திறந்தால், இருபத்துநாலு பிஸ்கட்டையும் காணோம். எல்லாம் உருகிப் பரவி ஒட்டிக்கொண்டு, தட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பாளம்.

மனுஷன் முகம் செத்துவிட்டது. போச்சு, மூன்று மாதப் பாடும் போச்சு. பெரியவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை வெளியே எடுத்து வைத்து, டைல்ஸ் ஒட்டுகிற பழக்க தோஷத்தில், குனிந்து விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிக் காது கொடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"அடியில காத்து இருந்தா வெத்துச் சத்தம் வரும். இல்ல. நல்லா செட் ஆயிருக்கு."

அவ்வளவுதான், பெரியவள் வெடித்தாள். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். சின்னவன் எதற்கென்றே தெரியாமல் கூடவே உருண்டான். கொஞ்சம் ஆறியதும் மூன்று பேரும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்கள். ஒரு மூலை உடைந்தது. பங்கு போட்டு வாயில் போட்டார்கள். அடடா, ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

வாசலில் சாவிச் சத்தம். பெரியவள் எழுந்து ஓடினாள்.

"அம்மா, செருப்பைக் கழட்டிட்டு வா! அப்பா புதுசா தரை போட்டிருக்காரு!"

"அப்பா போட்டிருக்காரு! அப்பா போட்டிருக்காரு!" என்று சின்னவனும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினான்.

அவர் சட்டென்று ஓவன் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் மைதா விழுந்துவிட்டது என்று இன்றுவரை சாதிக்கிறார்.