வெள்ளூரணிக் கொடியின் நிழல்

1947 ஆகஸ்டில் வெள்ளூரணி ஜமீன் கொடியை இறக்கினார்கள். அதன் நிழல் மட்டும் போகவில்லை. குன்னத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் அதே வாரம் பருத்தி விலையும் சரிந்ததால் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருநீலத் துணி, நடுவில் வெள்ளைக் காட்டுப்பன்றி, மேலே பிறை, இதுதான் கொடி. கம்பத்தைக்கூடப் பிடுங்கி வண்டிப்பட்டறைக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் மேலத்தெரு முனையில் நிழல் பகலெல்லாம் அசைந்துகொண்டிருந்தது, பன்றி மட்டும் வெளிச்சமாக.

கீழத்தெருவின் பண்ணையாட்கள் அந்த நிழலைக் கடக்கும்போது தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஜமீன் காலத்து வழக்கம். பருத்திக் காட்டு வேலைக்குப் போக வேறு வழியும் கிடையாது. கீழத்தெரு இளைஞன் வேம்புவின் அப்பா ஒருநாள் தலைச்சுமையோடு வந்ததில் துண்டை எடுக்க மறந்தார். மேலத்தெரு அடித்த அடியில் அடுத்த மழையை அவர் பார்க்கவில்லை. தன் கல்யாணத்தன்று தோளில் துண்டோடு அந்த முனையைத் தாண்டுவேன் என்று வேம்பு தன் அம்மா தனத்திடம் சொல்லியிருந்தான். சுதந்திரத்திடம் அவன் கேட்டது அவ்வளவுதான்.

நிழல் இருக்கிறவரை வழக்கமும் இருக்கும் என்றது மேலத்தெரு. வேம்பு பெரம்பலூர் போய் மனுக் கொடுத்தான். அடுத்த வருஷம் ஓர் அதிகாரி வந்து, குடையை மடக்கிவிட்டு நிழலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாட்டுக்கு இனி ஒரே கொடி, ஜமீன் கொடிகளுக்குச் சர்க்கார் அந்தஸ்து கிடையாது என்று தெளிவாகச் சொன்னார்.

"அப்ப நாங்க துண்டு போட்டுக்கிட்டுப் போலாங்களா?" என்று வேம்பு கேட்டான்.

அதிகாரி மேலத்தெரு ஆட்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கொடியப் பத்தித்தான் ஆர்டர் வந்திருக்கு. நிழலப் பத்தி ஒண்ணும் இல்லப்பா."

மேலத்தெருவில் மோர் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கல்லங்குறிச்சித் தேருக்கு மேலத்தெரு முழுக்கப் போயிருந்த நாளில், வேம்புவும் கூட்டாளிகளும் நிழல் விழுந்த மண்ணை ஆழமாக வெட்டி எடுத்தார்கள். அதைக் குளத்தில் கொட்டியிருக்கலாம். ஆனால் கீழத்தெரு ஒவ்வொரு ஐப்பசியிலும் முழங்கால் தண்ணீரில் நிற்கிற தெரு. மண்ணை வீணாக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் வாசல்களிலேயே கொட்டி மேடாக்கினார்கள். முனையில் பளிச்சென்று வெயில் அடித்தது. மறுநாள் காலை நிழல் கீழத்தெருவில் வாசலுக்கு வாசல் நீண்டு கிடந்தது, பன்றியும் பிறையும் குறையாமல். தேர் பார்த்துத் திரும்பிய மேலத்தெரு கோபப்படவே இல்லை.

1949 ஆவணியில் வேம்புவுக்குக் கல்யாணம். புதுத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குடிசையை விட்டு வெளியே வந்தான். மேலத்தெரு ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. வாசலில் கால் வைத்ததும் அவன் கை தானாகப் போய்த் துண்டை எடுத்தது. பின்னால் வந்த உறவுக்காரர்களும் எடுத்தார்கள்.

"முனையில போயிப் போட்டுக்கடா. அங்கதான் வெயிலா இருக்கே," என்றாள் தனம்.

அப்படியே செய்தான். தோளில் துண்டோடு அந்த முனையைத் தாண்டினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து, தன் வாசலில் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். சித்திரை வெயிலுக்கு அந்த நிழல் நல்ல குளிர்ச்சி. அடுத்த வருஷம் பிறந்த மகளை அதில்தான் படுக்கவைத்தார்கள்.