மூக்கை நம்பிய ஊர்

"இது வட்டமா? கத்தரிக்காய்," என்றாள் சிகுசா.

பாறையில் தான் போட்ட மஞ்சள் வட்டத்தை ஷூஜி தலையைச் சாய்த்துப் பார்த்தான். "கத்தரிக்காயா இருந்தா என்னக்கா? ஏறுறவனுக்கு வழி தெரிஞ்சா போதாதா? உன்ன மாதிரி நூலகத்துல உக்காந்து காம்பஸ் வச்சா போட முடியும்?"

"நாப்பத்தேழு வயசாச்சு, ஒரு வட்டம் போடத் தெரியல. சாயோ, இவன வச்சிக்கிட்டு எப்படிடி குடும்பம் நடத்துற?"

சாயோ சோற்று உருண்டையின் கடைசி வாயை மென்றுகொண்டே சொன்னாள்: "பழகிடுச்சு அண்ணி. எங்க வீட்ல எல்லாமே கத்தரிக்காய்தான்."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஷூஜி தூரிகையை வாளியில் முக்கி, அந்த வட்டத்துக்கு ஒரு காம்பும் வரைந்துவிட்டு எழுந்தான்.

மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமை. ஜூனில் ஏறுகிறவர்களுக்கு அந்த எரிமலையைத் திறந்துவிடுவதற்குமுன் நிகோரிசாவா ஊர்க்காரர்கள் பாதையைப் பங்கு போட்டுக்கொண்டு, பனியும் கந்தக ஆவியும் தின்றுபோன வட்டங்களுக்கு மறுபடி வர்ணம் பூசுவார்கள். மூடுபனி இறங்கிவிட்டால் அந்தக் கருங்கல் காட்டில் மேலே எது, கீழே எது என்று சொல்ல அந்த வட்டங்களை விட்டால் வேறு நாதி கிடையாது. ஆவி புகையும் சரிவிலிருந்து மேல் கணவாய் வரை உள்ள பகுதி பதினோரு வருஷமாக இவர்கள் மூவருடையது. அக்கா, தம்பி, தம்பி மனைவி.

சரிவுக்கு வந்ததும் சிகுசாவின் பைக்குள் இருந்த அலாரம் கத்த ஆரம்பித்தது. ஊர் அலுவலகத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. காற்றில் விஷவாயு ஏறினால் கத்தும். ஆவித் துளைகளுக்குப் பக்கத்தில் அது கத்தாமல் இருந்த நாளே இல்லை.

"அக்கா, ஒன் புள்ள அழுவுது. அது வாய மூடு," என்றான் ஷூஜி.

"காது போவுது அண்ணி," என்றாள் சாயோவும்.

சிகுசா பின்பக்க மூடியைக் கழற்றி, மின்கலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பெட்டி அடங்கியது. எல்லாக் குழுவும் அதைத்தான் செய்தது. பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வெளியூர்க்காரர்களுக்குத்தான் பெட்டி தேவை என்பது அந்த ஊரின் நினைப்பு. அழுகிய முட்டை வாடையில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். வாடை எவ்வளவு ஏறினால் நிற்க வேண்டும், எவ்வளவு ஏறினால் ஓட வேண்டும் என்று மூக்கே சொல்லிவிடும். வாடை போய்விட்டால் காற்று திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

அன்று காற்றே இல்லை. மேகம் மலைமேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது. ஆவி மேலே எழும்பாமல் கற்களுக்கிடையில் தவழ்ந்துகொண்டிருந்தது. மூவரும் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டார்கள். கண் எரிந்தது. தொண்டையில் மிளகு ஒட்டினதுபோல் கமறியது. ஆறு வட்டம் முடித்து ஏழாவது பாறைக்கு வந்தபோது ஷூஜி துண்டை இறக்கிவிட்டான்.

"அப்பாடா, வாடை போயிடுச்சு. காத்து திரும்பிடுச்சு போல."

சிகுசாவும் துண்டை இறக்கினாள். உண்மைதான், ஒரு வாடையும் இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பின்னாளில் அவள் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். கண் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

ஷூஜி வர்ண வாளியின் மூடியை நெம்பினான். அது துள்ளிக் கீழே விழுந்து, சக்கரம்போல் உருண்டு, பாதையோரத்துப் பள்ளத்துக்குள் போய்விட்டது. மூன்று பக்கமும் பாறை. பாதையை ஒட்டிய பக்கம் மட்டும் பழம்பனி சரிவாகக் கிடந்தது. அடியில் ஒரு வீட்டு அறை அளவு வெறும் தரை. மூடி அங்கே மஞ்சளாகக் கிடந்தது.

"விடு, அப்புறம் எடுத்துக்கலாம்," என்றாள் சாயோ.

"மூடாம தூக்கிட்டுப் போனா ஒன் கால்சட்டையெல்லாம் மஞ்சளாயிடும். அப்புறம் ராத்திரி பூரா எனக்குப் பாட்டு."

பனிச் சரிவில் குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்கினான். கரடிகள் விலகிப்போக அவனும் சாயோவும் பையில் மணி கட்டியிருந்தார்கள்; அவனுடையது ஒவ்வொரு அடிக்கும் கிணுங்கியது. குனிந்து மூடியை எடுத்தான். எடுத்தவன் நிமிரவில்லை. சாமி கும்பிடுகிறவன்போல் மண்டியிட்டான். பிறகு மூடியைப் பிடித்தபடியே முகம் குப்புறச் சாய்ந்தான். ஒரு சத்தம் இல்லை. இருமல்கூட இல்லை.

"ஏங்க? விளையாடாதீங்க. ஏங்க!"

ஷூஜி விளையாடக்கூடியவன்தான். அதனால் இரண்டு பெண்களும் ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார்கள்.

சிகுசா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கை முழுக்க ஈர வர்ணம். காலையில் வாளியைத் திறந்தபோது தலையைக் கிறுகிறுக்க வைத்த வர்ணம். அது இப்போது மூக்கின்மேல் அப்பியிருந்தது. வாடையே இல்லை. அவள் உறிஞ்சிப் பார்த்தாள். இன்னொரு முறை. தண்ணீரை முகர்வதுபோல் இருந்தது.

காற்று திரும்பவில்லை. மூக்குதான் செத்துப்போயிருந்தது. அவர்கள் நின்ற இடமே வாயுவுக்குள்தான் இருந்தது, காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில் அது விளிம்புவரை நிரம்பியிருந்தது.

அதற்குள் சாயோ ஒரு காலைப் பனியில் வைத்துவிட்டாள்.

சிகுசா பாய்ந்து அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

"விடுங்க அண்ணி! அவரு விழுந்துட்டாரு!"

"போகாத. கீழ காத்து இல்ல. போனா நீயும் விழுவ."

"அந்தா கெடக்காரு, நாலு எட்டு! மூச்ச அடக்கிட்டு ஓடிட்டு வந்துர்றேன்!"

"அவன் எழுவத்தஞ்சு கிலோ. ஒன்னால தூக்க முடியாதுடி. ஒரு மூச்சு இழுத்தா முடிஞ்சுது."

ஆண்டுதோறும் தீயணைப்புப் படையின் ஒத்திகையில் இதைத்தான் சொல்வார்கள்: குழியில் எப்போதும் இரண்டு பேர் கிடப்பார்கள், விழுந்தவரும் தூக்கப் போனவரும். சிகுசா அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்திலிருந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

சாயோ உதைத்தாள், கடித்தாள். சிகுசா வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவளைப் பாறைகள்மேல் இழுத்தபடி மேட்டை நோக்கி ஏறினாள். பத்தடிக்கு ஒருமுறை கால் தளர்ந்தது. தலை சுழன்றது. தான் இப்போது விழுந்தால் இவள் நேராகக் கீழேதான் ஓடுவாள் என்ற பயம்தான் அவளை நடக்க வைத்தது.

திடீரென்று சாயோ திமிறுவதை நிறுத்தினாள். முகம் மலர்ந்தது. "மணி அண்ணி! அவரு மணி! கேக்குதா? அசையுறாரு!"

சிகுசாவும் கேட்டாள். கிண், கிண் என்று மணி அடித்தது. தம்பி எழுந்துவிட்டான். அவள் பிடி தளர்ந்தது. வார் ஒரு சுற்று அவிழ்ந்தது. நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள்.

மணி நின்றுவிட்டது.

சாயோ ஓடத் திரும்பினாள். மணி அடித்தது. அவள் முதுகில் தொங்கிய மணி.

"அது உன்னோடது," என்றாள் சிகுசா. "சாயோ, அது உன்னோட மணிடி."

சாயோவின் வாயிலிருந்து வந்த ஓசையை எழுத்தில் கொண்டுவர முடியாது. சிகுசா வாரை மறுபடி கையில் சுற்றிக்கொண்டாள்.

மேட்டில் கைபேசிக்குச் சிக்னல் கிடைத்தது. மூச்சுக்காற்று உருளைகளைச் சுமந்துகொண்டு தீயணைப்புப் படை வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் வாரை விடவில்லை. மேகம் ஒருமுறை விலகியபோது கீழே ஷூஜியின் நீலச் சட்டை தெரிந்தது. தூங்குகிறவன்போலக் கிடந்தான். போய் உலுக்கினால் எழுந்துவிடுவான் என்று அவளுக்கே தோன்றியது. கால் தானாக ஓரடி முன்னே போனது. அன்றைக்கு அவள் மிகவும் பயந்தது அந்தக் காலுக்குத்தான். உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒரு கல்லுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த வர்ணத்தின் காரம் மூக்கில் ஏறியது. வாந்தி எடுத்தாள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மின்கலத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான்தான் கழட்டினேன்," என்றாள். "நாங்க ரெண்டு பேருந்தான் நிறுத்தச் சொன்னோம்," என்றாள் பக்கத்திலிருந்த சாயோ. இரண்டும் அறிக்கையில் இருக்கின்றன.

ஷூஜி இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து, வந்தவர்கள் கிளம்பியபின் சாயோ தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணி, மேலேயே படுத்து கைய நீட்டியிருந்தா? நீங்க என் காலப் புடிச்சிருந்தா? சட்டையாவது எட்டியிருக்குமா?"

சிகுசாவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள். சாயோ தலையசைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

இப்போது பாதையைக் கிழக்கே தள்ளிப் போட்டிருக்கிறார்கள். யாரும் மின்கலத்தைக் கழற்றுவதில்லை. சிகுசா காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வினிகர் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். ஜலதோஷம் பிடித்த நாட்களில் வாடை தெரியாது. அப்போது வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, உயரமான நாற்காலியின்மேல் ஏறி நின்றுகொள்கிறாள்.

ஒவ்வோர் அக்டோபரிலும் பனி முழுக்கக் கரைந்தபின் ஊர் அலுவலகத்து ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு போய் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து வருகிறார்கள். சிகுசா போய்க் கேட்டு, எண்ணைச் சாயோவிடம் சொல்கிறாள். சாயோ கையை மேலே நீட்டி, தன் குதிகாலிலிருந்து விரல்நுனி வரை எவ்வளவு என்று மனத்துக்குள் கணக்குப் போடுகிறாள்.

பாதை விளிம்பிலிருந்து அடித்தரை வரை இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். போன அக்டோபரிலும் அதேதான்.