தைக்கிக் காடு திறக்கும் முன்

ஆட்டின் கழுத்தில் கத்தியை வைத்தபோது இராமையாவின் பிடி சரியாகத்தான் இருந்தது. வேகம்தான் கெடுத்தது. ஒரே இழுப்பில் முடித்துவிட வேண்டும் என்று இழுத்தான். கத்தி தாடைக்குக் கீழே சறுக்கி, தோலையும் சதையையும் கிழித்துக்கொண்டு போனது. கிடா திமிறி எழுந்து, கழுத்திலிருந்து ரத்தம் பீச்ச, கசாப்புக் கொட்டகை முழுக்க ஓடியது. சுவரில் மோதியது. தொங்கிக்கொண்டிருந்த தொடைகளுக்கு நடுவே புகுந்தது. சுலைமான் பாய்ந்து அதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்துப் போட்டு, முழங்காலால் அமுக்கி, ஒரே அறுப்பில் அடக்கினான்.

"விரலால தொட்டுப் பார்த்துட்டு அறுன்னு சொன்னேன்ல?" என்றான், முகத்தில் தெறித்ததைத் தோளில் துடைத்துக்கொண்டே. "இது நாலு சுவருக்குள்ள. பிடிச்சுப் போட்டோம். காட்டுல ஒரு மிளா மான் இப்படிப் போச்சுன்னா எங்கயாவது புதர்ல கிடந்து நாள்கணக்கா சாகும்."

"இன்னொண்ணு கொடு. இப்பவே அறுக்கறேன்."

"இன்னைக்கு வேணாம். உன் மூஞ்சி சரியில்லை."

கொட்டகை ரங்கூனை அடுத்த இன்சீனில், சந்தைக்குப் பின்னால் இருந்தது. சுலைமானின் மாமனுக்குச் சொந்தம்; வேட்டைக்கு முன் கை பழகத்தான் இராமையா அங்கே வந்தான். சுலைமானும் இராமையாவும் ரயில்வே பட்டறையில் பாய்லர் பகுதியில் வேலை செய்தார்கள். சுலைமான் ஆணி அறைகிறவன், இராமையா சம்மட்டிக்காரன். ஒவ்வொரு வருஷமும் மழை ஓய்ந்து பர்மியர் விளக்குப் பண்டிகை முடிந்ததும் மான் சுடும் பருவம் திறக்கும். சுலைமான் ரயிலேறித் தைக்கிப் பக்கத்துக் காட்டுக்குப் போய், உப்புத் தடவி உலர்த்திய இறைச்சியோடு திரும்புவான். அதில் ஒரு பங்கை வாங்கித் தின்றபடியே இராமையா பல வருஷம் ஓட்டிவிட்டான். 1926இல்தான் அவனுக்கென்று ஒரு துப்பாக்கி வந்தது. ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போன ஒரு எஞ்சின் டிரைவர் விற்ற ஒற்றைக்குழல். லைசென்ஸும் வந்தது.

அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு இழுப்பான். தோட்டாக்களை வெயிலில் பரப்பி வைப்பான். அட்டை கடிக்காமலிருக்கப் புகையிலைத் தண்ணீர், தோலை உரிக்கச் சின்னக் கத்தி, இறைச்சியைக் கட்டக் கயிறு என்று மூலையில் ஒரு மூட்டை வளர்ந்துகொண்டே போனது. அவன் மனைவி ஜெயம்மா அதைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள்.

சுடப் பழக, ஞாயிற்றுக்கிழமைகளில் லைங் ஆற்றங்கரை நாணற்காட்டுக்குப் போனார்கள். இராமையா கம்பத்தில் சுரைக்காய் கட்டிச் சுட்டான். துப்பாக்கிக் கட்டை இடித்து அவன் தோள் கன்றிப் போனது. சுரைக்காய் உடையத் தொடங்கியதும் அவனுக்கு உயிருள்ளது வேண்டியிருந்தது. ஒரு நாள் சேற்றில் நின்ற நாரையைச் சுட்டான். அது சாகவில்லை. ஒரு சிறகு இழுபட, சேற்றில் வட்டமடித்தது.

"கழுத்தைத் திருகிடு," என்றான் சுலைமான்.

இராமையா போய் அதன் மேல் காலை வைத்தான். பறவை அலகால் அவன் கெண்டைக்காலைக் கொத்தியது. அவன் மிதித்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகும் மிதித்தான். அது சேற்றுக்குள் அமிழ்ந்து, வெள்ளையே தெரியாமல் போகும்வரை மிதித்தான். சுலைமான் கரையில் நின்று பார்த்தான்.

ஆடு தப்பி ஓடிய கதை பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. இராமையாவின் உலையில் இடுக்கி பிடிப்பவன் பொன்னுத்துரை. வாயாடி, ஆனால் கெட்டவன் இல்லை. இராமையா சம்மட்டியை ஓங்கும்போதெல்லாம் அவன் ஆடு மாதிரி கத்தினான். உலையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இராமையாவும் முதலில் சிரித்தான்.

"தைக்கி மிளாவெல்லாம் நேர்த்திக்கடன் வச்சிருக்காம்," என்றான் பொன்னுத்துரை. "இராமையா துப்பாக்கிக்கு நேரா நின்னா ஆயுசு நூறாம்."

இராமையா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் வாயில் குத்தினான். பொன்னுத்துரை கரிக்குவியலில் விழுந்தான். அவன் எழுவதற்குள் இன்னொரு குத்து. இரண்டு பேர் வந்து இழுத்துப் பிடித்தார்கள். பொன்னுத்துரை ஒரு பல்லைக் கையில் துப்பி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விளையாட்டுக்குத்தானப்பா சொன்னேன்," என்றான்.

அன்று சாயங்காலம் ஜெயம்மா கணவனின் கை முட்டிகளில் மஞ்சள் பற்றுப் போட்டாள்.

"மான்மேல உங்களுக்கு என்னங்க கோவம்?" என்று கேட்டாள்.

"மான்மேல என்ன கோவம்?"

"பின்ன யார்மேல?"

அவன் கையை இழுத்துக்கொண்டு, மூலையிலிருந்த மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

விளக்குப் பண்டிகை முடிந்தது. ரயில் பாஸ் வாங்கியாயிற்று. கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள், மூட்டையைச் சரிபார்க்கச் சுலைமான் வந்திருந்தான். நல்ல வெயில். இராமையா வீட்டுச் சந்தின் முனையில் மொஹிங்கா என்ற மீன்குழம்புச் சேவை விற்கும் மா செயின் அலறியது கேட்டது. அவளுடைய குழம்புப் பானை உருண்டது. ஒரு செவலை நாய், வாயில் நுரை ஒழுக, தலையைத் தொங்கப் போட்டபடி சந்துக்குள் வந்துகொண்டிருந்தது. எதிரே கிடந்த விறகையும் வாளியையும் கடித்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கதவடைத்தார்கள்.

இராமையா துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டான்.

"பொறு," என்றான் சுலைமான். "கிட்ட வரட்டும். சந்துல ஆள் இருக்கு."

இராமையா பொறுக்கவில்லை. சுட்டான். தோட்டாவிலிருந்து சிதறிய ஈயக்குண்டுகள் நாயின் இடுப்பில் பட்டன. பின்கால்கள் செத்துப்போக, அது முன்கால்களால் ஊர்ந்தே வந்தது. யாரும் எதிர்பாராத வேகம். இராமையா அடுத்த தோட்டாவைத் தேடிக்கொண்டிருந்தபோது அது சுலைமானின் காலைக் கவ்வியது. சுலைமான் குனிந்து அதன் தாடையைப் பிரிக்கப் பார்த்தான். அது அவன் கையையும் கடித்தது.

இராமையா துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தான். முதல் அடியில் நாய் விட்டது. அடுத்த அடியில் மண்டை உடைந்தது. அவன் நிறுத்தவில்லை. பட்டறையில் சம்மட்டி அடிக்கிற அதே அளவில், மூச்சை இழுத்து இழுத்து விட்டு அடித்தான். கட்டை முறிந்து பறந்தது. குழலைப் பிடித்து அடித்தான். மண்ணில் ரோமமும் சதையும்தான் இருந்தன.

"செத்துப் போச்சு, இராமையா. போதும்," என்றான் சுலைமான், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி.

வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் பொன்னுத்துரையும் இருந்தான். அவன்தான் முன்னால் வந்து இராமையாவின் தோளைத் தொட்டான்.

"விடுப்பா. விட்டுரு."

இராமையா திரும்பினான். பொன்னுத்துரையைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் குழலை வீசினான். அது காறையெலும்பில் இறங்கியது. பொன்னுத்துரை சுருண்டு விழுந்தான். சட்டை கிழிந்து, சதை பிளந்து, ரத்தம் வந்தது. குழல் இன்னொரு முறை மேலே போனபோது, கதவைத் திறந்து வந்த ஜெயம்மா இடையில் நின்றாள். இராமையா அவள் முகத்தைப் பார்த்தான். கை தானாகத் தாழ்ந்தது.

ரங்கூன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பொன்னுத்துரையின் காயத்தைக் கிளறிப் பார்த்து, எப்படிப் பட்டது என்று கேட்டார். நாயை அடித்த குழல் பட்டது என்று தெரிந்ததும், அவனுக்கும் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும் என்றார். குழலில் இருந்த எச்சில் புண்ணுக்குள் போயிருக்கும். கடிபட்ட சுலைமானுக்கும் அடிபட்ட பொன்னுத்துரைக்கும் ஒரே மருந்து, தினமும், வயிற்றில்.

போலீஸ் வந்து விசாரித்தது. "நாயை அடிக்கறப்ப நான் குறுக்கே போயிட்டேன்," என்றான் பொன்னுத்துரை. "அவன் என்னைப் பார்க்கலை." இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மான் பருவம் திறந்த அன்று இராமையா அந்த இரண்டு பேரோடும் ரங்கூன் ரயிலில் உட்கார்ந்திருந்தான். பட்டறைக்கு லீவு போட்டுத் தினமும் கூடவே போனான். சுலைமானைத் தாங்கி ஏற்றுவான், பொன்னுத்துரைக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பான். பொன்னுத்துரை கையைத் தூளியில் தொங்கவிட்டு, ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வருவான்.

"நான்தான்னு தெரியாமத்தான அடிச்சே?" என்று அன்று கேட்டான். பதிலை முன்பே தெரிந்துகொண்டவன் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டான்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சுலைமான் இராமையாவைப் பார்த்தான்.

"தெரியும்," என்றான் இராமையா. "உன் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் அடிச்சேன். இன்னொண்ணும் அடிச்சிருப்பேன்."

ரயில் ஒரு நிலையத்தில் நின்று கிளம்பியது. பொன்னுத்துரை எழுந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துப் பிடித்து, பெட்டியின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

"ஏன்டா சொன்னே?" என்றான் சுலைமான். "அவன் நிம்மதியா இருந்தான்."

"எனக்கு நிம்மதி இல்லை," என்றான் இராமையா.

அன்று திரும்பியதும் அவன் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், முறிந்த துப்பாக்கியையும் லைசென்ஸையும் மேசைமேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்பினார். விசாரணையின்போது பொன்னுத்துரை சாட்சிக்கூண்டில் ஏறி, குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. ஊசிகள் முடிந்து இரண்டு பேரும் பிழைத்தார்கள். சுலைமானுக்குக் கால் கொஞ்சம் இழுத்தது.

கோடையில் இராமையா விடுதலையாகி வந்தான். பட்டறையில் அவனை மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், மரம் அறுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. சாமான்களைச் சம்பான் படகில் ஏற்றியபோது சுலைமான் வந்து நின்றான்.

"பொன்னுத்துரை எப்படி இருக்கான்?" என்று கேட்டான் இராமையா.

"கை தூக்க வருது. இடுக்கி பிடிக்கறான்." சுலைமான் ஒரு மூட்டையைத் தூக்கிச் சம்பானுக்குள் வைத்தான். "உன் பேரை எடுத்தா எழுந்து போயிடறான்."

இராமையா தலையசைத்தான். ஜெயம்மா ஏறிக் கடைசிப் பெட்டியை வாங்கிக்கொள்ள, அவனும் ஏறினான். சம்பான்காரன் கரையிலிருந்து தள்ளினான்.