காலம் சார் என்ன படித்தார்?

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கீழே இனிப்புக் கடையும் மேலே ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சி மையமுமாக இருந்த கட்டடத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. அதில் காது வரை சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரரின் பெயர் காலம் மெக்ரே, எம்.ஏ., பிஎச்.டி. (லண்டன்). அவருடைய தோளுக்குக் கீழே, தபால்தலை அளவில், வேல்விழி எம்.ஏ. இந்த இரண்டு பேருக்கும் பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை. பெயருக்குப் பின்னால் எழுத்து இல்லாமல் ஒரு பேனரா என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். மையத்தின் முதலாளி கோதண்டராமன், நல்லதாகப் பார்த்து ரெண்டு போடுப்பா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மொட்டையாகப் போட யாருக்கும் கை வராத நாடு இது. கடைக்காரரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

பேனர் மாட்டிய அன்று வேல்விழி தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் எம்.ஏ. இல்லை. அதுகூடப் போகட்டும், அவள் பி.ஏ.வும் இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போய் ஆங்கில இலக்கியம் படித்தவள்தான். எல்லாப் பேப்பரும் தேறிவிட்டது. ஃபொனெடிக்ஸ் மட்டும் காலை வாரிவிட்டது. உதட்டை எப்படிக் குவிக்க வேண்டும், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று எழுதுகிற அந்த உச்சரிப்புப் பேப்பரை அவள் மறுபடி மறுபடி எழுதினாள், அதுவும் மறுபடி மறுபடி நின்றது. அரியரோடு வடக்கே வந்து, செல்போன் தொழிற்சாலையில் லைனில் நின்றாள். பிறகு இந்த மையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தபோது கோதண்டராமன் கேட்டது ஒரே கேள்வி: “பி.ஏ.வாம்மா?” அவள் தலையாட்டினாள். சர்ட்டிஃபிகேட் ஊரில் இருக்கிறது, பொங்கலுக்குப் போகும்போது எடுத்து வருகிறேன் என்றாள். இரண்டு பொங்கல் போய்விட்டது. பொய் சொல்வது ஒரு நிமிட வேலை. அதோடு குடித்தனம் நடத்துவதுதான் பெரும்பாடு.

காலம் சாரின் பெயரை அவர்கள் ஊரில் எப்படிச் சொல்வார்களோ, இங்கே வகுப்புப் பிள்ளைகளின் காதில் காலம் என்றுதான் விழுந்தது. அவர் தாமதமாக வந்தால் ‘காலம் வரும், காத்திருங்கடி’ என்பார்கள். முடி வெட்டிக்கொண்டு வந்தால் ‘காலம் மாறிப்போச்சு’ என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர். பழைய புல்லட் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றியவர், பெங்களூரு நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோய் ஒரு காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது கோதண்டராமன் கண்ணில் பட்டார். கோதண்டராமன் அதற்கு முன்பு ஒரகடத்தில் மனை விற்றவர். புறம்போக்கைப் பார்த்தாலே நகர் பெயர் யோசிக்கிற கண் அது. வெள்ளைத் தோலைப் பார்த்ததும் பேனர் தெரிந்துவிட்டது.

காலம் சாரின் ஆங்கிலம் யாருக்கும் புரியாது. வாயில் நாலு கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி வரும். கோதண்டராமனுக்குப் புரியாது, பிள்ளைகளுக்குப் புரியாது, ஆனால் புரியவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? சொன்னால் தனக்குத்தான் ஆங்கிலம் வராது என்று ஆகிவிடும். வேல்விழிக்கு மட்டும் எப்படியோ புரிந்தது. லைனில் எல்லோரும் முகமூடி போட்டிருப்பார்கள், இயந்திரச் சத்தம் வேறு. பாதிச் சொல்லையும் கண்ணையும் வைத்தே மீதியைப் பிடித்துக்கொண்ட பழக்கமாக இருக்கலாம். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், இவள் அதையே திருப்பி ஆங்கிலத்தில் சொல்வாள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வகுப்பு அப்படித்தான் ஓடியது.

அவர் எதையும் மறைக்கிறவர் இல்லை. ஒருநாள் அதே காபிக் கடை வாசலில் கும்பகோணம் டிகிரி காபி என்ற பலகையைக் காட்டி, அது என்ன டிகிரி என்று கேட்டார். பாலில் தண்ணீர் கலக்காத காபிக்கு அப்படிப் பெயர் என்று வேல்விழி சொன்னாள். அவர் பித்தளை டபராவைத் தூக்கிப் பார்த்து, அப்படியானால் இங்கே மூன்று பேரில் படித்தது நீயும் இந்தக் காபியும்தான் என்றார். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாராம். தீவுகளுக்குப் போகிற படகுகளில் கயிறு கட்டுகிற வேலையாம். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, நானும் காபிக்குக் கீழேதான் என்று நினைத்துக்கொண்டாள். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில். அந்த ஆண்டு ஆடி முடிந்ததும் ஒரகடத்தில் ஒரு பெரிய கம்பெனி, தன் ஆட்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வேலையை இந்த மையத்துக்கே கொடுக்க முன்வந்தது. கோதண்டராமன் தரையில் நடக்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் வேல்விழியை அழைத்தார்.

“சனிக்கெழம எச்.ஆர். மேடம் வராங்கோ. டீச்சருங்க அல்லாரோட ஒரிஜினலையும் பாக்கணுமாம். உன் பி.ஏ. சர்ட்டிபிகேட்ட எட்த்தாந்துடு. எம்.ஏ. படிச்சிக்கினு கீறன்னு நான் சொல்லிக்கிறேன்.”

“காலம் சாருக்கு?” என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

“அவருக்கு இன்னாத்துக்கும்மா? அந்த மூஞ்சே ஒரு சர்ட்டிபிகேட்டு.”

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் மறுபடி லைனில் போய் நிற்கலாம், கால் கடுக்கும், அவ்வளவுதான். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் பாதிப் பேர் அவளிடம் படிக்கிறவர்கள். குளிக்கப் போகிற வரிசையில் வாளியோடு நின்றாலும் ‘மிஸ், நீங்க முன்னால போங்க’ என்று வழி விடுகிறவர்கள். நாளைக்கு அதே வரிசையில் ‘பாஸாகாமலே மிஸ்ஸுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா’ என்று ஒருத்தி மற்றவளிடம் சொல்வாள். அந்தக் குரல் இப்போதே காதில் கேட்டது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிட்டுத் திரும்பினாள்.

யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. காலம் சார் தனக்குப் பட்டம் உண்டு என்று சொல்லிவிட்டால், வருகிற அம்மாள் அவர் முகத்தைப் பார்த்து மயங்கி, உதவி ஆசிரியையைக் கிளறாமல் போய்விடலாம். அவர் இல்லை என்று வாயைத் திறந்துவிட்டால் சந்தேகம் கிளம்பும். கிளம்பினால் எல்லாருடைய பெட்டியையும் திறப்பார்கள். மனுஷரோ மறைக்கத் தெரியாதவர்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவரைப் பிடித்தாள். கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள் சார், இல்லாவிட்டால் உங்களுக்குச் சங்கடம் என்றாள். உங்களுக்கு என்றுதான் சொன்னாள். தன் பயத்துக்கு அவர் சட்டையைப் போட்டுவிட்டோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. எனக்காக நீ இவ்வளவு பயப்படுகிறாயா என்று அவர் கேட்டார். உனக்கு ஒரு கெடுதலும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு என்றார். அந்த வாக்கு அவளை இன்னும் கலங்கடித்தது. நல்ல மனுஷர்கள் உதவி செய்யக் கிளம்பினால் எங்கே போய் முட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை வந்த எச்.ஆர். அதிகாரியின் பெயர் சுபஸ்ரீ. சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார். கறாரானவர் போலத் தெரிந்தார், ஆனால் கெட்டவர் போலத் தெரியவில்லை. கோதண்டராமன் கீழ்க் கடையிலிருந்து மைசூர்பாகு வரவழைத்து வைத்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் சுபஸ்ரீ, இந்தப் பக்கம் காலம் சார், அவருக்குப் பக்கத்தில் வேல்விழி. அவள் கையிரண்டையும் மேசைக்கு அடியில் கோத்து வைத்திருந்தாள். நடுங்குவது மேலே தெரிய வேண்டாமே என்று.

சுபஸ்ரீ ஆங்கிலத்தில் காலம் சாரிடம் உங்கள் படிப்பு என்ன என்று கேட்டார்.

“காலம் பதில் சொல்லும் மேடம்” என்றார் கோதண்டராமன். அவரே சிரித்தார்.

காலம் பதில் சொல்லியது, நீளமாகவே. நான் பதினாறு வயதில் பள்ளியை விட்டவன், படகில் கயிறு கட்டியவன், என்னிடம் எந்தப் பட்டமும் இல்லை, கீழே தொங்குவது பொய். இங்கே நான் வெறும் முகம். பாடம் நடத்துவது இதோ இந்த வேல்விழி. முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவள் இவள்தான். இந்த இடத்தை நம்பலாமா என்று கேட்டால், இவளை நம்பிக் கொடுங்கள். சொல்லி முடித்துவிட்டு, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் பார் என்கிற மாதிரி வேல்விழியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

வேல்விழி பயந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் எதிரே சுபஸ்ரீ தலையாட்டிக்கொண்டு புன்னகைத்தார். கொஞ்சம் தாமதித்து வந்த புன்னகை. அந்தப் புன்னகையை வேல்விழி தினமும் வகுப்பில் பார்ப்பவள். சுபஸ்ரீக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

சுபஸ்ரீ மேசை மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டார். “அவரோட ஆக்சென்ட் கொஞ்சம்... என்ன சொல்றார்?”

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அறையில் அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? லண்டன் என்ற சொல்லை நாக்கு நுனிவரை கொண்டுவந்தாள். அதற்குப் பின்னால், முறையாகப் பட்டம் வாங்கியவள் நான் என்பதையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்குமே என்று தோன்றியது. பயம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். வந்தது.

“சாருக்கு டிகிரியே கெடையாதாம் மேடம். பள்ளிக்கூடத்தோட நிறுத்திட்டாவளாம். படகுல கயிறு கட்டுன ஆளுதான்னு சொல்லுதாவ.”

கோதண்டராமன் கையில் எடுத்த மைசூர்பாகு அப்படியே நின்றது. முடிந்தது என்று வேல்விழி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது சுபஸ்ரீ சிரித்தார், வாய்விட்டு. “நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க? பெரிய படிப்பு படிச்சவங்க இப்படித்தான் பேசுவாங்க. நாமதான் எம்.ஃபில். முடிச்ச உடனே விசிட்டிங் கார்டு அடிச்சிடறோம்.”

கோதண்டராமனுக்கு உயிர் வந்தது. “ரொம்ப அடக்கம் மேடம். பேருக்குப் பின்னால ஒண்ணும் போட வேணாம்னுதான் சொன்னாரு. நாந்தான் போட்டேன்.” இரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துக் காலம் சாரும் சிரித்தார். வேல்விழியும் சிரித்தாள். இவ்வளவுதானா? இத்தனை நாள் நெஞ்சில் கட்டிச் சுமந்த கல், கீழே போட்டால் சத்தம்கூட இல்லாமல் விழுகிறதே. உண்மையைச் சொன்னால் தலை போய்விடும் என்று எவன் சொன்னான்? கண்ணில் நீர் வரும் அளவுக்கு அவளுக்கு உடம்பு லேசானது.

“அவரோட பேப்பர்ஸ் வெளிநாட்டு விஷயம், அது பாத்துக்கலாம்” என்றார் சுபஸ்ரீ. “உங்க ஒரிஜினலை மட்டும் காட்டிடுங்க, வேல்விழி.”

சிரிப்பு இன்னும் அவள் உதட்டில் இருந்தது. அந்தச் சிரிப்போடேயே சொன்னாள்.

“எனக்கும் அதே கததான் மேடம். நானும் டிகிரி முடிக்கல. ஒரு பேப்பர் அரியர் கெடக்கு.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நிறைகுடம் என்று யாரும் சொல்லவில்லை. ஒருவரும் சந்தேகப்படவில்லை, அடக்கம் என்று நினைக்கவில்லை, மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளவும் இல்லை. அவள் சொன்னதை மட்டும் உடனே நம்பினார்கள்.

சுபஸ்ரீ பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது, அது இன்னும் பயமாக இருந்தது. எந்தப் பேப்பர் என்று கேட்டார். ஃபொனெடிக்ஸ் என்றாள். சுபஸ்ரீ கோதண்டராமன் பக்கம் திரும்பி, காலம் சார் இருக்கிறவரைக்கும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் தகுதி இல்லாதவர்களை வைத்துக்கொண்டால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றார்.

“இன்னாம்மா இது? பி.ஏ.ன்னு தலையாட்னியே” என்றார் கோதண்டராமன். பிறகு அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். “திங்கக்கெழமலேர்ந்து வராத.”

கோத்திருந்த கை தானாகப் பிரிந்து மேசைக்கு மேலே வந்துவிட்டது. இரண்டும் ஆடின. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. நடந்த பேச்சு முழுக்கத் தமிழில் என்பதால் காலம் சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் சிபாரிசு பலித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டிருந்தவர், அந்தக் கைகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அவள் பக்கம் குனிந்து, கவலையோடு, கூழாங்கல் உருள ஏதோ கேட்டார். பிறகு மற்ற இரண்டு பேரையும் பார்த்து அதையே உரக்கக் கேட்டார்.

சுபஸ்ரீ புன்னகைத்துத் தலையாட்டினார். கோதண்டராமனும் தலையாட்டினார். பிறகு, இரண்டு வருஷப் பழக்கம் விடுமா, சட்டென்று வேல்விழி பக்கம் திரும்பிக் கேட்டார்.

“இன்னாம்மா சொல்றாரு?”

“நான் ஏன் நடுங்குதேன்னு கேக்காவ சார்” என்றாள் வேல்விழி.